உப்புக்காற்றில் மங்கும் கமராக்கள்: உப்புவெளி வாசகி ஒருவருக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. கடற்கரையில் இருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தொலைவில் உள்ள வீட்டில் அவர் தனியாக வசிக்கிறார். கனடாவில் இருக்கும் மகன் தைப்பொங்கலுக்கு வந்து நின்றபோது வீட்டைச் சுற்றி நான்கு கண்காணிப்புக் கமராக்களைப் பொருத்துவித்திருக்கிறார். மழை தொடங்கும் வரை அவை நன்றாகவே இருந்தன. இப்போது கடற்பக்கத்துக் கமரா விடியற்காலையில் பால் ஊற்றியது போல வெளுத்து, 9 மணிக்குப் பிறகு தானாகவே தெளிகிறது. வாசற் கமரா பகலில் தெளிவாகவும் இரவில் புகைமூட்டமாகவும் இருக்கிறது. போர்ட்டிக்கோவில் உள்ள குமிழ் வடிவக் கமரா, தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வர்ணம் பூசியதில் இருந்து எந்நேரமும் மங்கலாக இருக்கிறது. கிணற்றடிக் கமரா வீட்டுத் திரையில் தெளிவாகத் தெரிந்தாலும் மகனின் கைப்பேசியில் தெளிவில்லை. பொருத்தியவர் வந்து பார்த்துவிட்டு, கடற்கரை வீடுகளில் இது வழமைதான், நான்கையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாற்றத்தான் வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.

வணக்கம் அம்மா.

மாற்ற வேண்டாம். நான்கு கமராக்களுக்கும் ஒரே நோய் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கமராவும் எந்த நேரத்தில் மங்குகிறது என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருப்பதே, அவை வெவ்வேறு குறைகள் என்பதைக் காட்டிவிடுகிறது. படம் மங்குகிறது என்று யார் அழைத்தாலும், அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். விடியலில் வந்து வெயிலில் போனால் அது ஈரம். இருட்டிய பிறகு மட்டும் வந்தால் கண்ணாடியின் மேற்பரப்பில் ஏதோ படிந்திருக்கிறது. இரவு பகல் என்றில்லாமல் நிலைத்து நின்றால், குவியம், அதாவது லென்ஸ் படத்தைக் கூர்மையாக்கும் நிலை, விலகியிருக்க வேண்டும், அல்லது கண்ணாடியே கெட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இந்த மூன்றும் ஒரே மாரியில் சேர்ந்து வந்திருப்பதால், எல்லாம் ஒன்றுபோலத் தோன்றியிருக்கிறது.

கடற்பக்கத்துக் கமராவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவசரமாகக் கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். ஈரம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்று அறிய, மங்கலாக இருக்கும் விடியற்பொழுதில் யாரையாவது கொண்டு உலர்ந்த மென்மையான துணியால் கண்ணாடியை ஒருமுறை ஒற்றச் சொல்லுங்கள். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம். மழையில் நனைந்த தரையில் ஏணி வழுக்கும். ஒற்றியவுடன் படம் தெளிந்தால் அது வெறும் பனி, கவலைப்பட ஒன்றுமில்லை. துணியில் ஈரமே படாமல் மங்கல் அப்படியே நின்றால், நீர் உள்ளே இருக்கிறது. நாள் தவறாமல் அது திரும்பி வருவதாக நீங்கள் எழுதியிருப்பதால், உள்ளேதான் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அது எப்படி உள்ளே போனது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் திருத்தும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியில் மாட்டப்பட்ட கமரா நாளுக்கு ஒருமுறை மூச்சு விடுகிறது. காலையில் 27 பாகை செல்சியஸில் இருக்கும் உட்காற்று, உச்சி வெயிலில் 50 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 8 வீதம் விரியும். விரிந்த காற்று, எங்கே சிறு இடைவெளி இருக்கிறதோ அங்கே வெளியேறும். மாலையில், அதிலும் ஐப்பசி மாதத்தில் வெயில் காய்ந்த கையோடு கொட்டும் இடிமழையில், கமரா சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சி இழுக்கும். திருகு ஆணியின் பக்கத்திலோ வயர் நுழையும் துவாரத்திலோ அந்த நேரத்தில் மழைநீர் நின்றால், காற்றோடு அந்த நீரும் உள்ளே போகும். பிறகு இரவு வருகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமைத்தான் தாங்கும். காற்று 30 பாகையாகவும் ஈரப்பதன் 80 வீதமாகவும் இருக்கும் ஒரு நாளில், கண்ணாடி 26 பாகைக்குக் குளிர்ந்தாலே போதும், நீர் துளியாகப் படியத் தொடங்கிவிடும். வெறும் 4 பாகை வித்தியாசம். கமராவின் மின்சுற்று தன் சூட்டிலேயே வெதுவெதுப்பாக இருப்பதால், உள்ளே குளிர்ந்த இடம் முன்கண்ணாடி மட்டுமே. ஆகவே நீர் தேடிப் போய் அமரும் இடமும் அதுதான். காலை வெயிலில் அது மறையும்போது வெளியே போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். அது போகவில்லை அம்மா. ஆவியாகி உள்ளேயே இருக்கிறது, மறுநாள் விடியலில் மீண்டும் வந்து உட்காருகிறது.

மழை குறைந்த, கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் குறை வெளித்தெரியாமல் இருந்ததற்கும், கார்த்திகை மார்கழியில் தலைகாட்டுவதற்கும் காரணம் இதுவே. இடைவெளி தை மாதத்தில் பொருத்திய நாளிலேயே இருந்திருக்கும். மழைதான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் புகாது என்றுதானே அதற்குப் பொருள் என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். புதிய நிலையில் 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்தாலும் பாதிப்பான அளவில் நீர் புகாது என்பதே அந்த எண்ணின் பொருள். ஒரு வருடம் வெயிலில் காய்ந்து இறுகிப்போன றப்பரைப் பற்றியோ, கடலுப்பு அரித்த திருகு ஆணியைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. அதைவிட, வயர் இணைப்பைச் சரியாக மூடாமல் பொருத்தினால் எந்த எண்ணும் உதவாது. நான் கழற்றிப் பார்த்த ஈரக் கமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு நீர் வந்த வழி வயர்தான். கமராவின் வாலில், அதாவது அதில் இருந்து வெளிவரும் குட்டை வயரில், இருக்கும் இணைப்பு முனையை மழை படும்படி தொங்கவிட்டு, கறுப்பு ரேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரேப்பின் பசை வெயிலில் இளகி விலகியதும், நீர் வயரின் மேலுறைக்கு உள்ளே இறங்கி, குழாய்க்குள் ஓடுவது போல ஓடி, நேரே கமராவின் வயிற்றுக்குள் வந்து சேரும். அந்த முனை பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பச்சை என்றால் உப்புநீர் செம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்படியானால் முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.

இனி உலர்த்தும் முறை. வேலை தொடங்குமுன் பற்றுச்சீட்டை எடுத்து உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறப்பதற்கு முன் விற்றவரிடம் கொடுத்துப் பார்ப்பதே முறை, ஏனெனில் திறந்த பிறகு ஏற்கமாட்டார்கள். காலம் முடிந்திருந்தால், மழை இல்லாத ஒரு நாளின் நண்பகலில் மின்சாரத்தை நிறுத்தி, கமராவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். குளிரூட்டி உள்ள அறை இருந்தால் அதிலேயே திறப்பது மிக நல்லது. குளிரூட்டி காற்றில் இருந்து நீரை எடுத்துவிடுவதால் அந்த அறைக் காற்று வெளிக்காற்றைவிட உலர்ந்தது. முன்மூடியைத் திறந்து, இறுக்கமாக மூடக்கூடிய பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் அல்லது பால்மா ரின்னுக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஐந்தாறோடு ஒரு முழு நாள் வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு. அதன் தூள் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். நீலநிறச் சிலிக்கா ஜெல் என்றால், இளஞ்சிவப்பாக மாறியது நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். புதிய பொட்டலத்தை மாற்றுங்கள்.

மூடும்போது, றப்பர் வளையத்தையும் அது அமரும் தவாளிப்பையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒரு மணல் துணிக்கைகூட இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணலும் ஒரு தலைமயிரும் போதும், அந்த இடத்தால் கமரா மூச்சு விடும். வாசலின் பூச வேண்டாம். பெற்றோலிய எண்ணெய் சில வகை றப்பரை ஊதச் செய்யும். புதிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை லென்ஸை மறைக்காத இடத்தில் ஒட்டி, அதே உலர்ந்த அறையிலேயே மூடிவிட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். திருகு ஆணிகளை ஒரு பக்கமாக முழுதும் இறுக்காமல், எதிரெதிராக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது, வயர் கமராவுக்குள் நேராக மேலிருந்து இறங்கக் கூடாது. கமராவைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி, அங்கிருந்து மேலேறி நுழைய வேண்டும். அப்போது வயர் வழியே வரும் மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இணைப்பு முனையை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றுக்குள் வைக்கச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஈரம் புகுந்த ஒரு கமராவை வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால் உலர்த்தாமலே, சுற்றிவர சிலிக்கன் பசையால் அடைத்துக் கொடுத்தேன். வெளியில் இருந்து ஒரு துளி நீரும் போகவில்லை; உள்ளே இருந்த நீரும் வெளியே வரவில்லை. சில மாதங்களில் மின்சுற்றுப் பலகை அரித்துக் கமரா முற்றாக நின்றுபோனது. அந்த இழப்பை நானே ஈடு செய்தேன். வினாகிரி மணக்கும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளியிடும், அது செம்பை அரிக்கும் என்பதையும் அதன் பிறகுதான் அறிந்தேன். சுவரில் வயர் நுழையும் ஓட்டையை அடைப்பதென்றால் மணமில்லாத, அமிலமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கமராவின் உடலில் எந்த வகையையும் பூசவிடாதீர்கள்.

இன்னொன்று: மழைக்காலம் என்று பயந்து இரவில் கமராவின் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். அதன் சொந்தச் சூடே உள்ளீரத்துக்கு ஓரளவு காவல்.

வாசற் கமராவின் கதை மிகவும் எளியது. பகலில் தெளிவாக இருக்கிறது என்றால் லென்ஸும் குவியமும் நல்ல நிலையில் இருக்கின்றன. இருட்டியதும், இருளில் படம் பிடிக்க உதவும், லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பல கமராக்களில் அவை மங்கிய சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதை நீங்கள் வகுப்பில் கற்பித்தும் இருக்கலாம். கண்ணாடிக்கு முன்னால் 10 சென்ரிமீற்றரில் தொங்கும் ஒரு சிலந்தி நூலில், 10 மீற்றருக்கு அப்பால் வாசற்கதவில் விழுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு ஒளி விழுகிறது. அந்த நூல் பகலில் தெரிவதில்லை. இரவில் வெண்புகையாகத் திரையை நிறைக்கிறது. கமராவோ திரை பிரகாசமாகிவிட்டது என்று எண்ணி ஒளியுணர்வைக் குறைத்துக்கொள்வதால், கதவடி இன்னும் இருண்டு போகிறது. கண்ணாடியில் காய்ந்து படிந்த உப்புப் படலமும் இதே வேலையைச் செய்யும்; வாடைக்காற்றுக் காலத்தில் கடற்சாரல் உங்கள் வீடு வரை வருவதில் வியப்பில்லை.

இதை உறுதிப்படுத்த ஓர் இரவு போதும். கமராவின் அமைப்பில் அகச்சிவப்பு விளக்கை நிறுத்திவிட்டு, வாசல் மின்குமிழை எரியவிடுங்கள். புகைமூட்டம் மறைந்து நிறப்படமாகத் தெளிந்தால், குறை முழுவதும் கண்ணாடியின் வெளிமேற்பரப்பில்தான். துடைப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் கண்ணாடி மேல் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பையும் மணலையும் கரைந்து போகவிட வேண்டும். காய்ந்த துணியால் நேரே தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும், அந்தக் கீறல் பிறகு போகாது. உங்கள் கிணறு சவர்த் தண்ணீராக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம், காய்ந்ததும் அதுவே வெள்ளைப் படலமாக நிற்கும். ஏந்தி வைத்த மழைநீர் மிகச் சிறந்தது. பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்ட நீரில் நனைத்த மென்துணியால் துடைத்து, மீண்டும் நீர் ஊற்றி, ஒற்றி எடுக்க வேண்டும். மாரி முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். சிலந்தி வராமல் இருக்கப் பூச்சிமருந்தைக் கமராவின் முகத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்; அதில் உள்ள எண்ணெய் கண்ணாடியில் படலமாகப் படிந்து படத்தை இன்னும் கெடுக்கும். நீண்ட தடியில் கட்டிய மென்தூரிகையால் வாரம் ஒருமுறை வலையைத் தட்டிவிடுவதே நல்லது, அதை நிலத்தில் நின்றபடியே செய்யலாம்.

போர்ட்டிக்கோக் கமரா பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது, ஆனால் அந்த வரியில் விடை இருக்கிறது: வர்ணம் பூசியதில் இருந்து. குமிழில் தெறித்த வர்ணத்தைப் பூசியவர் தின்னர் தொட்ட துணியால் துடைத்திருப்பார் என்று ஐயப்படுகிறேன். அந்தக் குமிழ் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, பொலிகாபனேற் என்னும் பிளாஸ்ரிக். தின்னரும் அசற்றோனும் பெற்றோலும், அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவங்களும் அதன் மேற்பரப்பைக் கெடுத்து, நுண்ணிய வெடிப்புகளால் பனி படர்ந்தது போல் ஆக்கிவிடும். வெயில் காயும் ஒரு நண்பகலில் குமிழ்மூடியை மட்டும் கழற்றி, மூடி இல்லாமல் படத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கமராவில் ஒரு குறையும் இல்லை. அதே வகைக்கான மூடியை மட்டும் வாங்கினால் முடிந்தது. மூடியை மீண்டும் போடும்போது, லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்புப் பஞ்சு வளையம் மூடியின் உட்பக்கத்தை இடைவெளி இல்லாமல் தொட வேண்டும். தொடாவிட்டால் அகச்சிவப்பு ஒளி மூடிக்குள்ளேயே பட்டுத் திரும்பி, இரவில் வெண்வளையம் தோன்றும். புதிதாக வெள்ளை அடித்த போர்ட்டிக்கோக் கூரை படத்தின் மேல் விளிம்பில் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது இரவில் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும், கமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிக்க வேண்டும்.

மூடியைக் கழற்றிய பிறகும் மங்கலாகவே இருந்தால், ஒருவரைப் பத்திரிகை ஒன்றை விரித்துப் பிடித்தபடி 1 மீற்றரில் தொடங்கி மெல்லப் பின்வாங்கி 6 மீற்றர் வரை நடக்கச் சொல்லுங்கள். ஏதோ ஓரிடத்தில் தலைப்பெழுத்துகள் கூர்மையாகத் தெரிந்தால் குவியம் விலகியிருக்கிறது. லென்ஸை நூலளவு திருப்பிச் சரிசெய்யலாம். அதை இருட்டிய பின் அகச்சிவப்பு ஒளியில் செய்துவிட்டு மறுநாள் பகலில் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் சில லென்ஸ்களில் இரு ஒளிக்கும் குவியும் தூரம் சற்று மாறுபடும். எந்தத் தூரத்திலும் கூர்மை வராமல், லென்ஸின் உள்ளே நூல்நூலாக வெண்மையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அப்போது மட்டும் அந்த ஒரு கமராவை மாற்றச் சம்மதியுங்கள்.

கிணற்றடிக் கமராவுக்கு ஒன்றும் இல்லை. இணைய இணைப்பை மிச்சப்படுத்துவதற்காகக் கைப்பேசிச் செயலி, கமரா அனுப்பும் இரண்டு படவோட்டங்களில் தரம் உயர்ந்த முதன்மையானதை அல்ல, தரம் குறைந்த இரண்டாவதையே பொதுவாக முதலில் காட்டும். மகனைச் செயலியில் உயர்தரப் படத்தைத் தெரிவு செய்து பார்க்கச் சொல்லுங்கள். பதிவுப் பெட்டியில் பதிவாவது முதன்மைப் படவோட்டம்தானா என்பதையும் அவரே தொலைவில் இருந்து பார்த்துவிடலாம்.

பொருத்தியவரோடு மனத்தாங்கல் வேண்டாம் அம்மா. அவரையே கூப்பிட்டு, கடற்பக்கத்துக் கமராவின் இணைப்பு முனையை உங்கள் முன்னால் திறந்து காட்டும்படி கேளுங்கள், அது அவருடைய வேலையின் பகுதி. உலர்த்தி மூடிய பிறகு ஒரு வாரம் கழித்து, அந்தக் கமராவின் படத்தைக் காலை 6 மணிக்கும் நண்பகலிலும் இரவு 8 மணிக்கும் ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். விடியற்படத்தில் மங்கல் மீண்டும் தெரிந்தால் இன்னும் எங்கோ இடைவெளி இருக்கிறது. எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.